மாரியம்மனா, யூனிவர்சல் ஸ்டூடியோஸா?

கேள்வி: நாங்கள் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குப் போகப் போகிறோம். நான், கணவர், 72 வயது மாமியார், 13 வயது மகன், 6 வயது மகள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சிங்கப்பூர் போய் அங்கிருந்து சென்னை. போகும்போதே சிங்கப்பூரில் நான்கு நாள் தங்கிவிடலாம் என்கிறார் கணவர். அவருக்கும் மகனுக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பார்க்க வேண்டும். மாமியாருக்கு மாரியம்மன் கோயில். முடிந்தால் பஸ் பிடித்து மலேசியாவுக்குப் போய்ப் பத்துமலை முருகனையும் கும்பிட வேண்டுமாம். முழங்கால் வலியால் அவரால் அதிகம் நடக்க முடியாது. செலவை நினைத்தால் எனக்குத் தூக்கம் போகிறது. எத்தனை நாள் தங்குவது? எந்தப் பகுதியில் அறை எடுப்பது?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சகோதரி, வணக்கம். கடிதத்தில் எல்லாருடைய ஆசையையும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. போகட்டும், அதையும் நானே சேர்த்துக்கொள்கிறேன்.

சென்னைக்குப் போக சிங்கப்பூர் குறுக்கு வழி இல்லை. சென்னை இருக்கும் தூரத்தைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டு, அங்கிருந்து நாலு மணி நேரம் மேற்கே திரும்பி வர வேண்டும். துபாய், தோஹா வழியாகப் போனால் இந்தச் சுற்று இல்லை. ஆக, சிங்கப்பூரைப் பார்க்கும் ஆசை இருந்தால்தான் இந்த வழிக்குப் பொருள் உண்டு. உங்கள் வீட்டில் அது நிறையவே இருப்பதால் மேலே பேசலாம்.

நாளைவிட முக்கியமானது, எப்போது தங்குவது என்பதுதான். போகும்போது வேண்டாம். திரும்பும்போது தங்குங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் மதியம் ஏறினால் பத்தரை மணி நேரம் பறந்து, சிங்கப்பூரில் காலை ஆறு மணி வாக்கில் இறங்குவீர்கள். அங்கே நேரம் நமக்கு ஆறு மணி நேரம் முந்தி. ஊரே காலைப் பலகாரத்துக்கு உட்காரும்போது உங்கள் மகளுக்கு நள்ளிரவு. ஹோட்டலிலோ மதியம் இரண்டு மூன்று மணிக்கு முன் அறைச் சாவி கைக்கு வராது. அந்த எட்டு மணி நேரமும் வரவேற்பறை சோபாவில் முழங்கால் வலியோடு மாமியாரும், மடியில் தூங்கி விழும் பெண்ணும், செல்போனை நோண்டியபடி பையனும் இருக்க, முதல் நாள் இப்படியே போய்விடும். அடுத்த நாள் விடியற்காலை மூன்று மணிவரை யாருக்கும் தூக்கம் வராது. மூன்றாம் நாள்தான் மனிதர்களாவீர்கள். கணவர் நான்கு நாள் கேட்பதில் இரண்டு நாள் இப்படிக் கரைந்துவிடும், அறை வாடகை மட்டும் நான்கு நாளுக்கும் ஓடும்.

திரும்பும்போது கதை வேறு. இரண்டு மூன்று வாரம் தமிழ்நாட்டில் இருந்தபின் உடம்பு இந்திய நேரத்துக்குப் பழகியிருக்கும். அங்கிருந்து சிங்கப்பூருக்கு வித்தியாசம் இரண்டரை மணி நேரம்தான். குலதெய்வம், சொந்தக்காரர்கள், கோயில் கோயிலாகப் பயணம் என்று பொறுமையாக வந்த பிள்ளைகளுக்கும் முன்னால் ஒரு கும்மாளம் காத்திருக்கும். “ஒழுங்கா வந்தா சிங்கப்பூர்” என்று சொல்லி வைத்துக்கொள்ளலாம். சாமியைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் விளையாட்டு என்றால் உங்கள் மாமியாருக்கும் மறுப்பு இருக்காது. பட்டும் பாத்திரமும் சென்னையிலேயே வாங்கி முடித்திருப்பீர்கள், அதனால் சிங்கப்பூரில் கடை கடையாக ஏறவும் வேண்டியதில்லை. சென்னையிலிருந்து இரவில் கிளம்பி விடியலில் இறங்கும் விமானங்களும் உண்டு, பகலில் கிளம்புவதும் உண்டு. பகல் விமானத்தைத் தேடி எடுங்கள். இறங்கினதும் அறை, சாப்பாடு, தூக்கம்.

இதில் ஒரே தொல்லை பெட்டிகள். ஒரு நாளுக்கு மேல் தங்கினால் எல்லாப் பெட்டியையும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூருக்கு வேண்டிய துணிமணிகளைச் சென்னையிலேயே ஒரு சின்னப் பெட்டியில் தனியாகக் கட்டிவிடுங்கள். பெரிய பெட்டிகளை விமான நிலையத்தில் காசு கொடுத்து வைத்துவிட்டுப் போகலாம். டிக்கெட்டைத் தனித்தனியாக உடைக்காமல், சிங்கப்பூர்த் தங்கலையும் சேர்த்து ஒரே முன்பதிவாகப் போடச் சொல்லுங்கள். துண்டு துண்டாக வாங்கினால், ஒரு விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் அந்தப் பணம் போனது போனதுதான்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். இரண்டு இரவு போதும். சிங்கப்பூர் சின்ன ஊர், ஆனால் விலை பெரிய ஊர் விலை. எந்தக் கடையில் எந்த விலையைப் பார்த்தாலும் ஏறக்குறைய 13-ஆல் பெருக்கினால் ராண்டுக் கணக்கு வரும். ஐந்து பேரை ஒரே அறையில் விடமாட்டார்கள், இரண்டு அறை எடுக்க வேண்டும். உள்கதவால் இணைந்த அறைகளாகக் கேளுங்கள், மகள் பாட்டியோடு படுத்துக்கொள்வாள். டாக்சியும் அப்படித்தான். சாதாரண வண்டியில் நாலு பேர்தான் ஏற முடியும், ஐந்து பேருக்குப் பெரிய வண்டி சொல்ல வேண்டும்.

எங்கே தங்குவது என்பதற்கு எம்.ஆர்.டி. ரயில் வரைபடத்தை விரித்து ஊதா நிறக் கோட்டைப் பாருங்கள். வடகிழக்குப் பாதை, 2003-இல் திறந்தது. உங்கள் குடும்பத்தின் ஆசைகள் அத்தனையும் இந்த ஒரே கோட்டில் இருக்கின்றன. ஃபேரர் பார்க்கில் இறங்கினால் செராங்கூன் சாலைப் பெருமாள் கோயில். அடுத்தது லிட்டில் இந்தியா: தேக்கா சந்தை, வீரமாகாளியம்மன் கோயில். அங்கிருந்து மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன், அதாவது மாரியம்மன். கோட்டின் கடைசியில் ஹார்பர்ஃபிரண்ட், அதுதான் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் இருக்கும் செந்தோசாத் தீவுக்கு வாசல். எங்கும் ரயில் மாறி ஏற வேண்டாம். நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. அதனால் ஃபேரர் பார்க் அல்லது லிட்டில் இந்தியா பக்கம் அறை எடுங்கள். செந்தோசாவிலேயே தங்கினால் வாடகையும் கூடும், மாமியாருக்குக் கோயிலும் தூரமாகிவிடும். ஞாயிறு மாலை மட்டும் லிட்டில் இந்தியாவில் வந்து இறங்காதீர்கள். வேலைக்கு வந்திருக்கும் நம்மூர்த் தொழிலாளர்களுக்கு அதுதான் ஓய்வு நாள். தெரு நிரம்பி வழியும், பெட்டியும் வயதானவரும் சேர்ந்து நுழைவது சிரமம்.

மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது. பினாங்கிலிருந்து, சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை 1827-இல் மரத்தாலும் ஓலையாலும் கட்டிய கோயில்தான் அதன் தொடக்கம். நம்மவர்களை ஏற்றிக்கொண்டு ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்கு வந்தது 1860-இல். அதற்கு முப்பது வருடம் முன்பே அங்கே அம்மன் குடியேறிவிட்டாள். புனித வெள்ளி தவறாமல் நம்மூர் இசிபிங்கோ ரயில் பகுதியிலுள்ள மாரியம்மனுக்குப் போகிறவர் உங்கள் மாமியார் என்றால், இங்கே அவருக்கு எதுவும் அந்நியமாகத் தெரியாது. தீமிதி உட்பட எல்லாம் பழகினதுதான். காலையிலேயே போய்விடுங்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், பதினொரு மணிக்கு மேல் கல்தரை சுடும்.

பத்துமலை வேண்டாம். கோலாலம்பூருக்குப் பஸ்ஸில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது, எல்லையில் வரிசை வேறு. போய்ச் சேர்ந்தால் 272 படி. முழங்கால் வலிக்காரர் கீழே நின்று பொன்னிற முருகன் சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதற்காக இரண்டு நாளைத் தொலைக்க வேண்டுமா? சிங்கப்பூரிலேயே டேங்க் சாலையில் தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, செட்டியார்கள் 1859-இல் கட்டியது. சிங்கப்பூர்த் தைப்பூசக் காவடிகள் எல்லாம் வந்து சேருவது அங்கேதான். “முருகன் ஒருத்தன்தானே அத்தை” என்று நீங்கள் சொன்னால் எடுபடாது, உங்கள் கணவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இனி யூனிவர்சல். ஐந்து பேரும் போக வேண்டியதே இல்லை. பெரிய சுழல் வண்டிகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு, சிலவற்றுக்கு 122 சென்டிமீட்டர், ஒன்றுக்கு 125. ஆறு வயதுப் பெண்ணைப் பலவற்றில் ஏற்றமாட்டார்கள், பாட்டியும் ஏறப்போவதில்லை. மூன்று நுழைவுச்சீட்டுக் காசைக் கொடுத்துவிட்டு, மற்ற இருவரின் பைகளைக் காவல் காப்பதுதான் உங்களுக்கு மிஞ்சும். அப்பாவும் மகனும் காலையிலேயே போய் மாலைவரை ஆடிவிட்டு வரட்டும். டிசம்பரில் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் விடுமுறை என்பதால் கூட்டம் நெரியும். நீங்கள் ஜனவரி முதல் வாரத்துக்குப் பின் திரும்பினால் அங்கே பள்ளி திறந்திருக்கும், நம் பள்ளிகள் ஜனவரி நடுவில்தானே திறக்கின்றன. பொங்கலை ஒட்டி செராங்கூன் சாலையில் அலங்கார விளக்கும் போட்டிருப்பார்கள். மிருகக்காட்சி சாலை நல்ல சாலைதான், ஆனால் ஹ்லுஹ்லுவே வனவிலங்குப் பூங்கா மூன்று மணி நேரத்தில் இருக்கிறவர்கள் சிங்கம் பார்க்க சிங்கப்பூர் போக வேண்டாம்.

அந்த நாளில் நீங்களும் மாமியாரும் மகளும் கோயிலுக்குப் போய்விட்டு, தேக்காவில் சாப்பிடுங்கள். நம் டர்பன் பிரியாணியில் போடும் பருப்பு அதில் இருக்காது, மகள் கேட்பாள். சைவம் என்றால் செராங்கூன் சாலையிலேயே கோமள விலாஸ், 1947 முதல் இருக்கிறது. மதியம் மாமியார் படுத்து எழட்டும். ஜனவரியிலும் அங்கே மழைக்காலம்தான், பிற்பகலில் கொட்டினால் அறையில் இருப்பதே நல்லது. சாயங்காலம் எல்லாரும் கரையோரப் பூந்தோட்டங்களில் (கார்டன்ஸ் பை தி பே) சேருங்கள். ராட்சத மரங்களின் ஒளியும் இசையும் இரவு 7.45-க்கும் 8.45-க்கும், காசு கிடையாது. வயதானவர் உட்கார இடம் உண்டு. ஒரு பெஞ்சைப் பிடித்து நீங்களும் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள், பிள்ளைகளைக் கணவர் பார்த்துக்கொள்வார். உங்கள் ஆசை என்று நான் சேர்த்துக்கொண்டது இதைத்தான்.

மருந்துப் பையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முழங்கால் வலிக்கு நம்மூர் மருந்துக் கடைகளில் சிபிடி எண்ணெய் சாதாரணமாகக் கிடைக்கிறது, பல வீடுகளில் வாங்கி வைத்திருக்கிறார்கள். அது கஞ்சாச் செடியிலிருந்து வருவது. சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். விளையாட்டு வேண்டாம், மாமியாரின் பையை நீங்களே திறந்து பாருங்கள். இங்கே சீட்டு இல்லாமலே வாங்கும் கோடீன் கலந்த வலி மாத்திரை, இருமல் மருந்துக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பார்த்து, தேவைப்பட்டால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். மற்ற மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டைக் கையில் வைத்திருங்கள். வேப் கருவி, சூயிங் கம் இரண்டும் கூடாது. சிகரெட்டுக்கு ஒரு பாக்கெட்கூடத் தீர்வைச் சலுகை இல்லை.

தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுக்கு சிங்கப்பூரில் விசா தேவையில்லை, ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால் சரி. வருகை அட்டையை, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். மாமியாருக்கு விமான நிலையச் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டு வைத்துவிடுங்கள், அவர் வேண்டாம் என்றாலும். சாங்கி நடந்து தீராது.

கடைசி நாளில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. சிங்கப்பூரிலிருந்து ஜோகன்னஸ்பர்க் விமானம் நள்ளிரவு தாண்டி ஒன்று, ஒன்றரைக்குக் கிளம்பும். டிக்கெட்டில் 12-ஆம் தேதி என்று போட்டிருந்தால், நீங்கள் 11-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அறையை முற்பகலிலேயே காலி செய்யச் சொல்வார்கள். பெட்டியை வரவேற்பில் விட்டுவிட்டு, மாமியார் படுக்கும் அறையை மட்டும் மாலைவரை வைத்துக்கொள்ள என்ன விலை என்று கேளுங்கள். அந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மாலையில் சாங்கி போய் அங்குள்ள ஜூவல் வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். குடிநுழைவைத் தாண்டி உள்ளே போவதற்கு முன் பார்த்துவிட வேண்டும், அது வெளிப்பக்கம் இருக்கிறது.

ஜோகன்னஸ்பர்க்கில் பெட்டிகளை எடுத்துச் சுங்கம் தாண்டித்தான் டர்பன் விமானம் ஏறுவீர்கள், நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். ஆளுக்கு 5,000 ராண்டு வரைதான் புதுச் சாமான்களுக்கு வரி இல்லை. சென்னைப் பட்டுச் சேலைகளின் ரசீதைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிடாமல் கைப்பையில் வைத்திருங்கள்.