பெட்டிக்குள் குளிர்ந்த ஒரு மூலை

செல்லப் பாம்பு வளர்ப்பவர்கள் நம் ஊரில் இத்தனை பேரா என்று எனக்கே ஆச்சரியம். இரண்டு இதழ்களுக்கு முன் ஒரு பதிலின் நடுவில் பாம்பை வைக்கிற பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றி நாலு வரி எழுதினேன், அதற்குத்தான் இத்தனை கடிதங்கள். ஆகவே இம்முறை முழுவதும் பெட்டிக் கதைதான்.

கேள்வி: மச்சான் கொழும்பில் முறையாக அனுமதிப் பத்திரங்களோடு வாங்கிய கோர்ன் ஸ்னேக் குட்டி ஒன்றை எனக்குத் தந்துவிட்டார். ஒன்றரை அடி இருக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் பெட்டிக்குக் கீழே சூடாக்கும் பாய் வைக்கிறார்கள். எனக்கும் வேண்டுமா? எந்தப் பெட்டி நல்லது?
— வாசகர், உப்புவெளி

தம்பி, அந்த வீடியோக்களை எடுத்தவர்களின் வீட்டுக்கு வெளியே பனி கொட்டுகிறது. அவர்களுக்குப் பெட்டியைச் சூடாக்குவதுதான் பிரச்சினை. நமக்கு அது தலைகீழ். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் திருகோணமலையில் மதியம் 34, 35 பாகை சாதாரணம், தகரம் அல்லது சீற் போட்ட வீட்டுக்குள் அதற்கும் மேலே போகும். கோர்ன் ஸ்னேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பாம்பு. பெட்டியின் ஒரு பக்கம் 28 முதல் 30 பாகை, மறுபக்கம் 24, 25 என்று இருந்தால் அதற்குச் சுகம். பாம்பு தன் உடம்பில் சூடு உண்டாக்கிக்கொள்ளாது, சூடு வேண்டுமென்றால் சூடான பக்கம் போகும், போதும் என்றால் குளிர்ந்த பக்கம் வரும், அந்த நடைதான் அதற்கு உயிர். நம் ஊர் மதியத்தில் காணாமல் போவது அந்தக் குளிர்ந்த பக்கம்தான். ஆகவே பாயை வாங்காதீர்கள். மார்கழி இரவிலும் இங்கே 23, 24 பாகைக்குக் கீழே போவது அரிது, உங்கள் குட்டிக்கு அது போதும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் என்னிடம் இருந்த ஒரு குட்டியின் பெட்டியை மேற்குப் பக்க யன்னலுக்குக் கீழே வைத்திருந்தேன். காலையில் அங்கே நல்ல நிழல். ஒரு ஆகஸ்ட் நாள் வெளியே போய்விட்டு நாலு மணிக்கு வந்து பார்த்தபோது வெயில் பெட்டிமேல் விழுந்து கிடந்தது. குட்டி தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டபடி இறந்திருந்தது. நேரடி வெயிலில் மூடிய பிளாஸ்டிக் பெட்டி அடுப்பாக மாற அரை மணி நேரம்கூடத் தேவையில்லை. அந்தக் கிண்ணத்துக்குள் அது போய்க் கிடந்ததை இன்றும் நினைத்தால் மனம் கனக்கிறது.

சரி, பெட்டி. உங்கள் குட்டிக்கு 40 சென்ரிமீற்றர் நீளம், 25 அகலம், 15 உயரம் அளவில், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிகிற பெட்டி போதும். திருகோணமலை மத்திய வீதிக் கடைகளில் உடுப்பு அடுக்கி வைக்க விற்கிறார்களே, அந்த வகைதான். கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டியதில்லை, நாலு பக்கமும் ஆள் நடமாட்டம் தெரிந்தால் குட்டிக்குப் பயம் கூடும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் இருக்கிறதா பாருங்கள், அது பொலிபுரொப்பிலீன், வளையும், எளிதில் வெடிக்காது. அழுத்திப் பார்த்தால் கிறீச்சென்று கத்துகிற மெல்லிய பெட்டியில் துளை போட்டால் கீறல் ஓடும். இரண்டு பக்கமும் கொளுக்கி வைத்து இறுகப் பூட்டுகிற மூடி இல்லாவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எடுக்க வேண்டாம்.

துளைகளை, ஈயம் பற்றவைக்கிற சோல்டரிங் அயனால் போடுங்கள், பாம்பை வேறு இடத்தில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வெளியே, காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டி நின்று. உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும், அப்போதுதான் உருகிய பிளாஸ்டிக்கின் கூர் விளிம்பு வெளிப்பக்கம் நிற்கும். உள்ளே கூர் நின்றால் பாம்பு உரசி உரசி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். துளை 3, 4 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் குட்டியின் தலை போகிற இடத்தில் உடம்பும் போகும். ஒரு முனையில் தாழ்வாக ஒரு வரிசை, மறு முனையில் உயரமாக ஒரு வரிசை போட்டால் காற்று உள்ளே வந்து வெளியே போகும். மூடியில் மட்டும் துளை போட்டு விடுவது நம் ஊருக்குப் பத்தாது.

ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் மாரி, ஈரம் தேங்கும், கூடுதல் துளைகள் தேவைப்படும், இல்லாவிட்டால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வரும். கச்சான் காலத்தில் நேர்மாறாகக் காய்ந்துபோய்ச் சட்டை துண்டு துண்டாக உரியும், அப்போது சில துளைகளை ஒட்டு நாடாவால் மூடலாம், ஆனால் வெளிப்பக்கத்தில் மட்டும். உள்ளே ஒட்டிய நாடா கழன்று பாம்பின் உடம்பில் பிடித்துக்கொண்டால் இழுத்துப் பிய்க்கக் கூடாது, சமையல் எண்ணெய் தடவிப் பொறுமையாகக் கழற்ற வேண்டும்.

தரைக்குச் செய்தித்தாள் போதும், அல்லது நன்றாகக் கழுவிக் காயவைத்த தும்புச்சோறு. கடற்கரை மணல் கூடாது, உப்பும் துகளும் சாப்பாட்டோடு உள்ளே போகும். மரத்தூளும் வேண்டாம், எந்த மரம், என்ன மருந்து பூசியது என்று தெரியாது. ஒளிந்துகொள்ள இரண்டு இடம், இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. அரைச் சிரட்டையின் விளிம்பில் ஒரு வாசல் வெட்டி, அரத்தால் மழுப்பிக் கவிழ்த்துவிட்டால் குட்டிக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. குளிர்ந்த முனையில் சிறிய மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். மண் கசிந்து காய்வதால் அந்தப் பக்கம் கொஞ்சம் குளிரும், பாரமாக இருப்பதால் கவிழவும் கவிழாது.

பெட்டியை மேசையில் வைக்காமல் சீமெந்துத் தரையில், வெயில் தொடாத சுவரோரம் வையுங்கள். பாம்பை விடுவதற்கு முன் மூன்று நாள் வெறும் பெட்டியை அங்கே வைத்து, வயர் நீட்டிய டிஜிட்டல் வெப்பமானி இரண்டை இரண்டு முனையிலும் போட்டு, மதியம் இரண்டு மணிக்கு என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். குளிர்ந்த முனையே 30ஐத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள். மின்வெட்டில் ஃபேனும் நின்றுபோகிற நாளில், 2022இல் 13 மணி நேரம்வரை இருளில் இருந்தோமே, அப்படி ஒரு நாள் வந்தால், உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டியின் ஒரு முனையில் வெளிப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். பாம்பு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தால், துளையில் மூக்கை வைத்து அழுத்தினால், வாய் திறந்தால், அது சூட்டைத் தாங்க முடியாமல் தவிக்கலாம். உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அறைச் சூட்டில் இருக்கிற தண்ணீர் ஒரு விரல் ஆழம் போதும்.

கேள்வி: எங்களிடம் இருக்கிற ‘போல் பைத்தன்’ என்ற மலைப்பாம்பு மூடியைத் தள்ளிக்கொண்டு இரண்டு தரம் வெளியே வந்துவிட்டது. மூடிமேல் இரண்டு செங்கல் வைத்திருக்கிறேன். சரிதானே?
— வாசகி, லிங்கநகர்

செங்கல்லை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் அக்கா. போல் பைத்தன் மூக்கை மூலையில் கொடுத்து மணிக்கணக்காகத் தள்ளும், பாரம் ஒரு பக்கம் சரிந்தால் மூடி மடிந்து செங்கல் உள்ளே விழும். பயணப் பையில் வருகிற, கொக்கி வைத்த பட்டி இரண்டைப் பெட்டியைச் சுற்றி இறுக்குங்கள். அதைவிட முக்கியம், அது ஏன் தள்ளுகிறது என்று பாருங்கள். இரவில் சுற்றுவது அதன் குணம், ஆனால் ஒவ்வொரு இரவும் விடாமல் தள்ளினால் சூடு கூடியிருக்கும், அல்லது ஒளிய நெருக்கமான இடம் இருக்காது. அது மேற்கு ஆபிரிக்காவில் பொந்துக்குள் பகலைக் கழிக்கிற பாம்பு, உடம்பு நாலு பக்கமும் தொடுகிற அளவுக்கு இறுக்கமான பொந்து கிடைத்தால்தான் அமைதியாகும். வளர்ந்த போல் பைத்தனுக்குச் சூடான முனை 31, 32 வேண்டும். மாரிக்காலத்தில் உங்களுக்கு மட்டும் பாய் தேவைப்படலாம், சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்துகிற தேர்மோஸ்டாட் இல்லாமல் ஒருபோதும் வேண்டாம்.

மறுபடியும் தொலைந்தால் கதவுகளுக்குக் கீழே துணி அடைத்து, படுக்கப் போகும்போது சுவரோரம் கோதுமை மாவைத் தூவி வையுங்கள். பாம்பு போன வழியைக் காலையில் மாவில் விழுந்த கோடு சொல்லும்.

கேள்வி: வயலில் ஒரு சின்னச் சாரைப்பாம்பு பிடித்தோம். ஐஸ்கிறீம் பெட்டியில் வைத்து வளர்க்கலாமா? பாடசாலை மாணவன் நான்.
— மூதூர்

வேண்டாம் தம்பி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவற்றை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை, 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. சாரை வளர்ந்தால் ஆறடியைத் தாண்டும், ஓடித் திரிந்து எலி பிடிக்கிற பாம்பு, எந்தப் பெட்டியிலும் அதற்கு நிம்மதி வராது. உங்கள் அப்பாவின் வயலில் எலியைக் குறைக்கிறதும் அதுதான். இன்னொன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பட்டை போட்ட சின்னப் பாம்பு நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பாகவும் இருக்கலாம், கட்டுவிரியன் குட்டியாகவும் இருக்கலாம், பெரியவர்களே மாறிப் பார்க்கிறார்கள். எந்தப் பாம்பையும் கையால் பிடிக்காதீர்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: பெட்டிக்குள் எறும்பு ஏறுகிறது. எறும்புச் சோக்கால் கோடு போடலாமா?
— கிண்ணியா

கூடவே கூடாது. அந்தச் சோக்கில் பூச்சிமருந்து இருக்கிறது, பாம்புக்கு அது நஞ்சு. நம் அம்மாமார் பலகார அலுமாரியின் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, அதைச் செய்யுங்கள், பெட்டியைத் தாழ்ந்த ஒரு தட்டின் மேல் ஏற்றி நாலு காலுக்கும் நாலு கிண்ணம். ஆனால் டெங்கு நுளம்பு அந்தக் கிண்ணத்தில் முட்டையிடும், வாரத்துக்கு இரண்டு தரம் ஊற்றிவிட்டு உரஞ்சிக் கழுவுங்கள். மிச்சம் விட்ட சாப்பாட்டை இரவோடு இரவாக எடுத்துவிட்டால் எறும்பு பாதி குறையும். டெங்குப் புகை அடிக்க வருகிற நாளில் பாம்பை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நுளம்புச் சுருளும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும்கூட அந்த அறைக்குள் வேண்டாம், கோர்ன் ஸ்னேக் போன்றவற்றுக்கு வேலை செய்வது ஒரே ஒரு நுரையீரல்தான். பெட்டி கழுவுவதற்கு பினாயிலும் கூடாது, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் போதும்.

கேள்வி: ஒரு உயிரைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைப்பது பாவம் இல்லையா?
— ஆசிரியை, திருகோணமலை நகர்

உங்கள் கேள்வி நியாயமானது. பெட்டி பிளாஸ்டிக்காக இருப்பதில் பாவம் இல்லை, சின்னதாகவே இருந்துவிடுவதுதான் பாவம். பாம்பு மூலைக்கு மூலையாவது நீட்டி நிமிர்ந்து படுக்க முடிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிலர் நீளமும் அகலமும் சேர்ந்து பாம்பின் நீளத்துக்கு வந்தால் போதும் என்பார்கள், எனக்கு அது மனம் ஒப்பவில்லை. கோர்ன் ஸ்னேக் நாலடி, ஐந்தடி வளரும், ஏறவும் ஆசைப்படும். அந்த அளவுக்குக் கடையில் பெட்டி கிடைப்பது கடினம், ஆகவே இரண்டு மூன்று வருடத்தில் தச்சரிடம் அந்த நீளத்துக்கு அலுமாரி ஒன்று செய்விக்கப் பணம் சேர்க்க முடியாதவர், குட்டியை வாங்கவே வேண்டாம்.

கேள்வி: 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது பாடசாலைக்குப் போய்த் தங்கினோம். இப்போது வீட்டில் பாம்பு இருக்கிறது. மறுபடி அப்படி நடந்தால்?
— குச்சவெளி

இந்த இடத்தில்தான் பெட்டி கண்ணாடித் தொட்டியை வெல்கிறது, ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகலாம். எச்சரிக்கை வந்ததும் சாப்பாடு கொடுப்பதை நிறுத்துங்கள், வயிறு நிறைந்த பாம்பை அசைத்தால் கக்கிவிடும். பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு வாயை முடிந்து, பூட்டுகிற சின்னப் பெட்டிக்குள் வையுங்கள், தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிடுங்கள். சில நாள் சாப்பிடாமல் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது, தண்ணீரை மட்டும் ஒவ்வொரு இரவும் காட்டுங்கள். மூடியில் பாம்பின் பெயர், நஞ்சில்லாதது என்ற சொல், உங்கள் தொலைபேசி எண் மூன்றையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பாடசாலைக்குள் நுழையுமுன்பே பொறுப்பாக நிற்கிறவரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், சிறுவர்கள் படுக்கிற அறையை விட்டுத் தள்ளி ஒரு மூலை அவரே காட்டுவார்.