எல்லையோர நாளிதழும் ஊர்ப் பெரியவர்களும்

கேள்வி: எங்கள் வட்டாரப் பெரியவர்களின் வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். ‘தினமலர்’ முதலில் திருவனந்தபுரத்திலிருந்துதான் வெளிவந்ததாமே? அக்காலச் செய்திகளை எந்த அளவுக்கு நம்பலாம்?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ஆம். நாகர்கோவில் வடிவீஸ்வரத்தைச் சேர்ந்த டி.வி. ராமசுப்பையர் 1951 செப்டம்பர் 6 அன்று அதை அங்கே தொடங்கினார். தென் திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. அவற்றைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய போராட்டத்துக்கு அந்த நாளிதழ் துணைநின்றது. 1956 நவம்பர் 1 அன்று இணைப்பு நிறைவேறியபின், 1957-இல் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது.

ஆகவே அந்த இணைப்புப் போராட்டத்தின் தலைவரான மார்ஷல் நேசமணி போன்றோரைப் பற்றி அன்று வந்த செய்திகளை, போராட்டத்தோடு உடன்நின்றவர்கள் எழுதியவை என்ற தெளிவோடு படித்து, அதே வாரத்து மலையாள நாளிதழ்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாழ்க்கை வரலாறு எழுதுபவருக்குத் தலையங்கத்தைவிட மரண அறிவிப்பே பெரிதும் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து. வீட்டுப்பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் பெரும்பாலும் அதில்தான் அகப்படும்.

தேதிகளில் மிகுந்த கவனம் வேண்டும். பழைய ஆவணங்களிலும் கல்லறைகளிலும் கேரள நாட்காட்டியின் ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு இருக்கும். அது ஆவணியில் பிறப்பதால், ஆங்கில ஆண்டை அறிய, ஆவணி முதல் டிசம்பர் இறுதிவரை 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடியும்வரை 825-ஐயும் கூட்ட வேண்டும். உங்கள் ஊரில் 1954 ஆகஸ்ட் 11 அன்று இணைப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச்சூடு, ஆடி மாதம் என்பதால், கொல்லம் 1129-இல் அடங்கும். 824-ஐக் கூட்டினால் ஓராண்டு பின்தங்கிவிடும்.