துகளா, இலைச் சாறா?

கேள்வி: எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். வேப்பிலைச் சாற்றில் தயாரித்த தங்க நானோ துகளைச் சேர்த்தால் பிசிஆரில் (டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் முறை) டிஎன்ஏ நன்றாகப் பெருகும் என்று படித்தேன். சேர்த்துப் பார்த்தால் ஜெல்லில் பேண்டே (பெருகிய டிஎன்ஏ தெரியும் பட்டை) இல்லை. ஏன்?
– வாசகி, திருச்சி

பதில்: துகளைச் சந்தேகிப்பதற்கு முன் அதோடு ஒட்டி வந்த சாற்றைச் சந்தேகப்படுங்கள்.

வேப்பிலைச் சாற்றிலேயே தங்கத் துகளும் வெள்ளித் துகளும் செய்யலாம் என்று புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் 2004-இல் காட்டினார்கள். இப்படிப் பல இலைச் சாறுகளில் உலோக உப்பைத் துகளாக்குவதில் பாலிஃபீனால்கள் என்ற தாவர வேதிப்பொருள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதே பாலிஃபீனால்தான் பிசிஆரில் டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதியான டாக் பாலிமரேஸை முடக்கவும் செய்யும். இலையிலிருந்து டிஎன்ஏ எடுக்கும்போது பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி என்ற பாலிமரைச் சேர்க்கிறோமே, அது இந்தத் தொல்லைக்காகத்தான்.

தங்கம் உதவும் என்பது உண்மை. 2005-இல் சீன ஆய்வாளர்கள் அதைக் காட்டினார்கள். பாலிமரேஸ் துகளின் மேல் ஒட்டிக்கொள்வதால், படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமர் தப்பான இடத்தில் உட்கார்ந்து பெருகுவது குறைகிறது என்பது ஒரு விளக்கம். அளவு கூடினாலோ பாலிமரேஸ் முழுவதும் தங்கத்திடமே போய்விடும். அப்போதும் பேண்ட் வராது.

ஆக, உங்கள் குழாயில் இரண்டில் எதுவும் நடந்திருக்கலாம். பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) சேர்த்தால் பேண்ட் திரும்பக்கூடும். ஆனால் அது பாலிஃபீனாலையும் பிடிக்கும், தங்கத்தின் மேலும் படியும். அதனால் குற்றவாளி யார் என்று அதில் தெரியாது.

இப்படிச் செய்யுங்கள். துகளை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே நிற்கும் நீரைக் கொட்டிவிட்டு, சுத்தமான நீரில் மறுபடி கலக்குங்கள். சில முறை கழுவுங்கள். கரைசல் ஒயின் சிவப்பிலிருந்து ஊதாவுக்கோ நீலத்துக்கோ மாறினால் துகள்கள் திரண்டுவிட்டன என்று பொருள். அதைப் பயன்படுத்த வேண்டாம். முதல் கழுவலின் மேல்நீரை ஒரு குழாயிலும், கடைசிக் கழுவலின் மேல்நீரை இன்னொரு குழாயிலும் துகளுக்குப் பதிலாகச் சேர்த்து ஓட்டுங்கள். முதலாவது பேண்டை அழித்து, கடைசியது அழிக்காவிட்டால் சாறுதான் காரணம். இரண்டிலும் பேண்ட் இருந்து, கழுவிய துகள் உள்ள குழாயில் மட்டும் காணாமல் போனால் துகளின் அளவு அதிகம். பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. சாற்றில் வேம்பின் டிஎன்ஏவும் இருக்கும். நீங்கள் தாவர மரபணுவைப் பெருக்குவதாக இருந்தால், துகள் சேர்த்து, மாதிரி டிஎன்ஏ சேர்க்காத குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும். அதிலும் பேண்ட் தெரிந்தால் பெருகியது உங்கள் மாதிரி என்று சொல்ல முடியாது.