சிறார் நீதிச் சட்டத்தில் முதலில் திருத்த வேண்டியது எது?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் சட்டம் படிக்கிறவர் என்று தோன்றுகிறது. சிறார் என்று கருதும் வயது வரம்பு 16 ஆக இருக்க வேண்டுமா, 18 ஆக இருக்க வேண்டுமா என்ற விவாதத்தை எதிர்பார்த்திருப்பீர்கள். என்னைக் கேட்டால், சட்டத்தில் கை வைக்கும் முன் காவல் நிலையத்தில் வயதை எழுதும் முறையைத் திருத்துங்கள்.

நாங்கள் மும்பை தாராவியில் இருக்கிறோம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். 2018இல் ஒரு செல்போன் திருட்டு வழக்கில் என் தம்பியைப் பிடித்துப் போனார்கள். அவனுக்கு அப்போது 16 வயது முடிந்து நான்கு மாதம். அரும்பு மீசை, என்னைவிட உயரம். கைதுப் படிவத்தில் 19 என்று எழுதிவிட்டார்கள். அந்த ஓர் எண்ணால் பெரியவர்களோடு 26 நாள் சிறையில் கிடந்தான்.

18 வயது நிரம்பாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது, 24 மணி நேரத்துக்குள், சிறார் வழக்குகளை விசாரிக்கும் சிறார் நீதி வாரியத்தின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டுச் சட்டம். வயதில் சந்தேகம் வந்தால் முதலில் பள்ளிச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சியோ ஊராட்சியோ தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. 94ஆவது பிரிவு இது. எங்களுக்கு அன்று இதைச் சொல்ல ஆள் இல்லை. அம்மா ஆதார் அட்டையை நீட்டினார். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

அப்பா நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாத பெட்டியில் ஊருக்குப் போய், தம்பி ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கி வந்தார். அதன் பிறகே வழக்கு வாரியத்துக்குப் போனது. அங்கே முதல் நாளே ஜாமீன். அந்த 26 நாளைப் பற்றி அவன் இதுவரை வாய் திறந்ததில்லை. கதவைத் தாழிட்டால் மட்டும் அவனுக்குத் தூக்கம் வராது.

இதையும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழை மொழிபெயர்க்கவும் ஒரு வக்கீலைக் காட்டவும் உதவி கேட்டு, ஒரு தமிழ் அமைப்பின் வாசலில் மூன்று நாள் நின்றோம். "திருட்டு வழக்கு, எங்கள் பெயர் கெடும்" என்றார்கள். ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்கு எங்கள் சந்தில் நன்கொடை வாங்கியவர்கள் அவர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"அப்படியானால் திருடியவனை விட்டுவிடலாமா?" என்று சிலர் கேட்பீர்கள். போனைப் பறிகொடுத்தவரின் இழப்பை நான் மறுக்கவில்லை. அந்த வழக்கில் சிக்கிய பையன்களோடு என் தம்பி சுற்றியதும் தவறுதான். வாரியத்திலும் விசாரணை நடக்கிறது. 16 வயது நிரம்பியவர்மீது கொடுங்குற்றப் புகார் வந்தால், முதற்கட்ட மதிப்பீடு செய்து, பெரியவராகக் கருதி விசாரிக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு சேர்த்தது அது. செல்போன் திருட்டு அந்தப் பட்டியலில் வராது.

நான் கேட்கும் திருத்தம் சிறியது. ரிமாண்டுக்குக் கொண்டுவரும் முதல் நாளே, "வயதுக்கு என்ன ஆவணம் பார்த்தீர்கள்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டுப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஊர்ப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்காமலே மும்பை வந்துவிட்ட பிள்ளைகள் எங்கள் பகுதியில் நிறைய இருக்கிறார்கள். மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் தயவுசெய்து அதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.