வாசகர் கேள்வி – பதில்: சிதறால் மலையும் புத்தரும்

சிதறால் மலையில் இருப்பது புத்தர் சிலைதானே? தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்கிறோம். — அருமனை வாசகர்

இல்லை, நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் இருப்பவர்கள் சமணத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்கள் வணங்கும் ஞானிகள். இதில் தாத்தா மேல் தப்பு இல்லை. புத்தர் சிலை, தீர்த்தங்கரர் சிலை இரண்டுமே பெரும்பாலும் சம்மணமிட்டுத் தியானத்தில் இருக்கும், போதாததற்குப் பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரரின் தலைக்கு மேல் பாம்பு படம் விரித்து நிற்கும், புத்தருக்கும் முசலிந்தன் என்ற நாகம் மழைக்குக் குடை பிடித்த கதை இருக்கிறது. அதனால் பாம்பை வைத்து முடிவு பண்ணாதீர்கள், துணியைப் பாருங்கள். புத்தர் உடம்பில் துவராடை இருக்கும், இந்தத் தீர்த்தங்கரர்கள் உடம்பில் ஒரு நூல்கூட இருக்காது.

9ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலக் கல்வெட்டு அங்கே உண்டு. பிற்காலத்தில் அந்த இடம் பகவதி கோவிலானது. பாறையில் அம்பிகை, பத்மாவதி என்ற இயக்கிகளையும் (சமணக் காவல் தெய்வங்கள்) செதுக்கியிருக்கிறார்கள். அந்த 'இயக்கி'தான் நம் ஊர் இசக்கி என்று ஆய்வாளர்கள் பலர் சொல்வார்கள். அப்புறம், நாகர்கோவில் நாகராஜா கோவிலுக்குப் போனால் பால் ஊற்றிவிட்டு உடனே திரும்பிவிடாமல் தூண்களையும் ஒரு தடவை பாருங்கள், மகாவீரரும் பார்சுவநாதரும் அங்கேயும் இருக்கிறார்கள்.

அப்பா சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர், அம்மா வீட்டில் எல்லோரும் அய்யாவழி. கடவுள் உண்டு என்பதில் இரண்டு பக்கமும் சண்டையில்லை. கடவுளே இல்லை என்கிற பௌத்தத்தை எப்படி மதம் என்று சொல்வது? — மார்த்தாண்டம், கல்லூரி மாணவி

புத்தர் சொன்ன உலகத்தில் தெய்வங்களுக்குக் குறைவே இல்லை, தங்கச்சி. பிரமன் வருவார், இந்திரன் வருவார், நம் மணிமேகலையைத் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத்தில் விட்டதே ஒரு கடல் தெய்வம்தான். ஆனால் அந்தத் தெய்வங்களுக்கும் ஆயுள் உண்டு, அவர்களும் இறப்பார்கள், மறுபடி பிறப்பார்கள். உலகத்தைப் படைத்து, தீர்ப்புச் சொல்லி, பாவத்தை மன்னிக்கிற ஒருவர் இருக்கிறார் என்பதைத்தான் புத்தர் ஏற்கவில்லை. கிறிஸ்தவத்திலிருந்தும் இஸ்லாத்திலிருந்தும் பௌத்தம் உண்மையாகவே பிரிகிற இடம் இது. இதை மூடி மறைத்து 'எல்லா மதமும் ஒன்றுதான்' என்று சொல்வது மூன்று பேருக்குமே மரியாதையில்லை என்பது என் எண்ணம்.

உலகத்துக்கு முடிவு உண்டா இல்லையா என்று சொன்னால்தான் துறவியாக இருப்பேன் என்று ஒரு சீடர் புத்தரிடம் அடம்பிடித்தார். விஷ அம்பு தைத்துக் கிடப்பவன், எய்தவன் எந்த ஊர், எந்தச் சாதி, வில் எந்த மரம் என்று தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால் என்ன ஆவான் என்று புத்தர் திருப்பிக் கேட்டார். அவருக்கு அவசரம் அந்த அம்புதான், அதாவது துக்கம். எப்படி வாழ்வது, செத்த பிறகு என்ன, துக்கத்திலிருந்து வெளியே வர வழி என்ன என்று மூன்றுக்கும் பதில் சொல்லி, சரணம் அடைய ஒரு இடமும் கூட நிற்கச் சங்கமும் வைத்திருக்கிற ஒன்றை மதம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? அதோடு, இலங்கை விகாரைகள் பலவற்றில் விஷ்ணுவுக்குத் தனிச் சன்னதி இருக்கும், சிங்கள பௌத்தர்கள் கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு போவார்கள். குறையைச் சொல்லி அழ ஒரு ஆள் வேண்டும் என்பது எல்லா ஊர் மனிதருக்கும் உள்ளதுதானே.

ஆன்மா இல்லை என்கிறார்கள், மறுபிறவி உண்டு என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் பிறப்பது யார்? — குலசேகரம் வாசகர்

மிலிந்தன் என்ற யவன (கிரேக்க) அரசன் நாகசேனர் என்ற பிக்குவிடம் இதையேதான் கேட்டான். ராத்திரி முழுக்க எரிகிற விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா என்று நாகசேனர் கேட்டார். ஒன்று என்றும் சொல்ல முடியாது, சம்பந்தமே இல்லாத வேறு சுடர் என்றும் சொல்ல முடியாது. பால் தயிராகிறது, தயிர் வெண்ணெயாகிறது. பாலுக்குள்ளிருந்து எதுவோ எழுந்து தயிருக்குள் போய் உட்காரவில்லை, ஆனால் அந்தப் பால் இல்லாமல் இந்தத் தயிர் இல்லை. பிறவியும் அப்படித்தான் என்றார்.

இதை நம் மாவட்டத்தை வைத்தே பார்க்கலாம். அய்யாவழியின் தலைமைப் பதியான சாமித்தோப்பில் பள்ளியறையில் (கருவறையில்) கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகையோடு அதன் முன்னால் நிற்பவர் தனக்குள்ளே இருக்கிற இறைவனைப் பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். ஒடுக்கப்பட்ட மக்களை நிமிர்ந்து நிற்கச் சொல்லி 19ஆம் நூற்றாண்டில் அய்யா வைகுண்டர் காட்டிய வழி அது, அதன் பெருமையைச் சொல்லி முடியாது. புத்தரும் உள்ளே பார் என்றுதான் சொல்வார். ஆனால் நன்றாகப் பார்த்தால் உருவம், நுகர்ச்சி (உணர்வு), குறிப்பு (அடையாளம் காண்பது), பாவனை (மனப் போக்குகள்), அறிவு என்று ஐந்துதான் கிடைக்கும், அவையும் நொடிக்கு நொடி மாறும், 'நான்' என்று கையால் பிடிக்க ஒன்றும் அகப்படாது என்பார். சைவ சித்தாந்தத்தில் உயிர் அநாதி. கிறிஸ்தவத்தில் கடவுள் தந்த ஆன்மா, ஒரே பிறவி, பிறகு தீர்ப்பு. சமணத்திலும் உயிர் நிலையானது, வினை அதன்மேல் தூசி போல ஒட்டும், தெரியாமல் மிதித்த எறும்புக்கும் கணக்கு உண்டு. புத்தருக்கோ வினை என்பது எண்ணம்தான். வேண்டுமென்று மிதித்தாயா என்பதுதான் கேள்வி.

எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் இன்னொருவனா என்று கேட்டால், 'அவனும் இல்லை, வேறு ஒருவனும் இல்லை' என்பது பதில். பல வருஷமாகப் படிக்கிறேன், புத்திக்குப் புரிகிறது, மனசு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. ஆனாலும் கோபம் வரும்போது 'கோபப்படுகிற நான் எங்கே' என்று தேடிப் பார்த்திருக்கிறேன், தேடுகிற நேரத்தில் கோபம் பாதி இறங்கிவிடுகிறது.

எங்கள் வீட்டில் மீன் கறி இல்லாமல் சோறு இறங்காது. புத்தர் மீன் சாப்பிட்டாரா? — குளச்சல் வாசகி

பிச்சைப் பாத்திரத்தில் விழுந்ததைச் சாப்பிட்டார்கள், அதில் மீனும் இறைச்சியும் வரும். தனக்காகவே கொன்றதைக் கண்ணால் பார்த்திருந்தாலோ, காதால் கேட்டிருந்தாலோ, அப்படி இருக்குமோ என்று சந்தேகப்பட்டாலோ பிக்கு அதைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். பிக்குகள் எல்லோருக்கும் மீனும் இறைச்சியும் கூடாது என்று சட்டம் போடச் சொல்லி தேவதத்தன் என்ற பிக்கு கேட்டபோது புத்தர் மறுத்துவிட்டார். பிற்கால மகாயானப் பௌத்தப் பிரிவில் கறி கூடாது என்பது வலுத்தது, சீனத் துறவிகள் இன்றும் சைவம்.

ஓக்கிப் புயலில் கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பற்றுதான் துக்கத்துக்குக் காரணம் என்று புத்தர் சொன்னாராமே. இன்னும் நான் அழுவது தப்பா? கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி வைக்க எனக்கு ஒரு கல்லறை இல்லை. — கடற்கரை ஊரிலிருந்து ஒரு தாய்

அம்மா, தப்பே இல்லை. புத்தர் சாகக் கிடந்தபோது அவருடைய அணுக்கச் சீடர் ஆனந்தர் கதவோரம் சாய்ந்து அழுதார். பிரியமான எதையும் பிரியத்தான் வேண்டும், வருந்தாதே என்று புத்தர் சொன்னார், சொல்லிவிட்டு, ஆனந்தர் இத்தனை வருஷம் காட்டிய அன்பைச் சீடர்கள் எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். உங்கள் ஆண்டவர் இறந்துபோன நண்பர் லாசருக்காகக் கண்ணீர் விட்டார். தன் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது நபிகள் நாயகம் அழுதார். ஆறுதல் மூன்றிலும் வேறு வேறு. உயிர்த்தெழுதலில் மகனைப் பார்ப்பீர்கள் என்று உங்கள் விசுவாசம் சொல்கிறது. பௌத்தம் அதைச் சொல்லாது, அதற்காக நீங்கள் உங்கள் நம்பிக்கையை விடவும் வேண்டாம்.

இறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த கிசாகோதமியிடம் புத்தர் பற்றைப் பற்றிப் பேசவில்லை. சாவு விழாத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கி வா என்று அனுப்பினார். வீடு வீடாகப் போனாள், கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது, சாவும் எல்லா வீட்டிலும் இருந்தது. 2017 நவம்பருக்குப் பிறகு நம் கரையில் உங்களைப் போலக் காத்திருந்த வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அவர்களிடம் போய் உட்காருங்கள், அவர்கள் பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள், உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள்.

இலங்கையில் பௌத்தர்கள் இறந்தவர் நினைவாகப் பிக்குகளுக்கு அன்னதானம் கொடுத்து அந்தப் புண்ணியத்தை அவருக்குச் சேர்ப்பார்கள், அதற்குக் கல்லறை தேவையில்லை. நீங்களும் கல்லறைத் திருநாளில் மகன் பெயருக்குப் பூசை எழுதிக் கொடுங்கள். அன்றைக்கு அவனுக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்து, அவனோடு கடலுக்குப் போன பையன்களைக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள்.