ஊசிக்குப் பிடிபடாத தைராய்டு கட்டி

கே: தைராய்டு கட்டிக்கு ஊசிப் பரிசோதனை எடுத்ததில் ‘ஃபாலிக்குலர் நியோபிளாசம், பெதஸ்டா 4’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கட்டி இருக்கும் பக்கத்துச் சுரப்பியை எடுத்துப் பார்த்தால்தான் புற்றுநோயா என்று தெரியும் என்கிறார் டாக்டர். செல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகும் ஏன் இந்தச் சந்தேகம்?

ப: பெதஸ்டா என்பது ஊசிப் பரிசோதனை முடிவைத் தரம் பிரிக்கும் ஆறு படி வரிசை; ‘ஃபாலிக்குலர் நியோபிளாசம்’ அதில் நான்காவது. தைராய்டு புற்றில் பாப்பிலரி, ஃபாலிக்குலர் என வகைகள் உண்டு. பாப்பிலரி வகைப் புற்றாக இருந்தால் செல்லே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கரு பெருத்து வெளிறியிருக்கும். காபிக்கொட்டையில் இருப்பதுபோல நடுவே ஒரு கோடு ஓடும். ஃபாலிக்குலர் வகையில் அந்த வசதி இல்லை. சாதாரணக் கட்டியான அடினோமாவின் செல்லும் புற்றுச் செல்லும் பார்க்க ஒன்றுதான். செல்கள் கட்டியின் உறையைத் துளைத்து வெளியே வந்திருக்கின்றனவா, ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கின்றனவா என்பதை வைத்தே பிரிக்க முடியும். ஊசி உறிஞ்சி எடுப்பது உதிரிச் செல்களை. உறை அதில் வராது. பெதஸ்டா 4-இல் புற்றாக இருக்கும் வாய்ப்பு சராசரியாக 30 சதவீதம். அதாவது பெரும்பாலோருக்குப் புற்று இருக்காது.

எடுத்த கட்டியை லேபில் 2, 3 மில்லிமீட்டர் துண்டுகளாக அறுத்து, உறை முழுவதையும் பார்ப்பார்கள். ஆபரேஷன் நடுவே உறையவைத்துப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷன் இதற்குப் பெரிதாக உதவாது. உறையில் ஓரிரு இடத்தைப் பார்த்து முழு உறைக்கும் சான்று தர முடியாதே.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஊசி குத்திய தடமே உறை கிழிந்ததுபோலத் தோன்றி, புற்று ஊடுருவியதாக ஏமாற்றும். அந்த இடத்தில் பழைய ரத்தக் கறையும் தழும்பும் இருந்தால் அது ஊசியின் வேலை என்று புரியும். அதனால் ஊசிப் பரிசோதனை நடந்த தேதியையும் ஸ்லைடுகளையும் மறக்காமல் லேபுக்குக் கொடுங்கள்.

கே: எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும் கி-67 அளவு 2 சதவீதம்தான் என்கிறார்கள். செல் மெதுவாகத்தானே பெருகுகிறது, நிம்மதியாக இருக்கலாமா?

ப: இந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். நன்கு முதிர்ந்த செல்களைக் கொண்ட தைராய்டு புற்றுகளிலேயே கி-67 பெரும்பாலும் 5 சதவீதத்துக்குள்தான் இருக்கும், அடினோமாவிலும் அப்படியே. கட்டி வளர செல் வேகமாகப் பிரியவேண்டும் என்பதில்லை, சாகவேண்டிய செல் சாகாமல் இருந்தாலும் போதும். தீவிரமான வகைகளை அடையாளம் காணத்தான் செல் பிரியும் வேகம் கைகொடுக்கும். 2 சதுர மில்லிமீட்டரில் 5 அல்லது அதற்கு மேல் பிரியும் செல்கள் தெரிந்தாலோ, கட்டிக்குள் திசு அழுகியிருந்தாலோ அது உயர்தரப் புற்று என்கிறது 2022-இன் உலக சுகாதார நிறுவன வகைப்பாடு. பெயரில்தான் ‘உயர்தரம்’, ஆபத்து அதிகம் என்று பொருள்.

கே: ராஸ் மரபணு மாற்றம் இருந்தால் புற்று உறுதிதானா?

ப: இல்லை. அடினோமாவிலும் அது உண்டு. பி-ராஃப் வி600இ என்ற இன்னொரு மரபணு மாற்றம் இருந்தால்தான் பாப்பிலரி புற்று என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

கே: தைராக்சின் மாத்திரை கட்டியைக் கரைக்குமா?

ப: டி.எஸ்.எச். தைராய்டு செல்லை வளரத் தூண்டும் ஹார்மோன்; தைராக்சின் மாத்திரை கொடுத்து அதை அடக்கினால் கட்டி சுருங்கும் என்பது கணக்கு. நடைமுறையில் சுருக்கம் சொற்பம். மாத்திரையின் அளவு மிஞ்சினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், எலும்பு தேயும்.