பழைய காரோட அலாய் வீல்ல பூச்சுக்கு அடியில வெள்ளையா கோடு கோடா ஓடியிருக்கு, அதை நாமளே தேய்ச்சு பெயிண்ட் அடிக்கலாமா, இல்ல பவுடரைச் சுட்டு ஒட்ட வைக்கற பவுடர் கோட்டிங் கொடுத்துடறது நல்லதா?

தாராளமா நீங்களே பண்ணலாம், என் பழைய காருக்கு நான் அப்படித்தான் பண்ணேன். ஆனா கிளியர் கோட்டுக்கு, அதாவது மேல அடிக்கற நிறமில்லாத பூச்சுக்கு, அடியில வெள்ளையா கோடு கோடா ஓடியிருக்குன்னு எழுதியிருக்கீங்களே, மொத்த வேலையும் அங்கதான் இருக்கு, கலர் அடிக்கறதெல்லாம் கடைசியில வர்ற சின்ன வேலை.

அந்த வெள்ளைக் கோடு வீலோட அலுமினியம் அரிச்சுப் போனதால வர்றது. கல்லு தெறிச்ச இடத்துலயோ வீல் ஆடாம சுத்தறதுக்கான பேலன்ஸிங் வெயிட்டைத் தட்டி மாட்டின இடத்துலயோ கிளியர் கோட் லேசா விட்டிருக்கும், அது வழியா தண்ணி உள்ள போயி பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவுல புழு ஊர்ந்த தடம் மாதிரி நீண்டுகிட்டே போகும். கோட்டுக்குப் பக்கத்துல நல்லா இருக்கற மாதிரி தெரியற இடத்துல நகத்தை வெச்சு நெம்பிப் பாருங்க, பல இடத்துல அதுவும் தோலா உரிஞ்சு வரும். அதனால கோடு முடியற இடத்தோட நிறுத்தாம இன்னும் ரெண்டு விரல் தள்ளி வெறும் உலோகம் தெரியற வரைக்கும் தேய்க்கணும். 120 நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு 240, 400ன்னு போனா போதும். சின்னச் சின்ன பள்ளத்துக்குள்ள கருப்பாவோ வெள்ளையாவோ புள்ளி மிச்சம் இருந்தா வேலை முடியலன்னு அர்த்தம், அது மேல எவ்வளவு நல்ல பெயிண்ட் அடிச்சாலும் அதே இடத்துல திரும்ப கிளம்பும்.

சீக்கிரம் முடியட்டும்னு இரும்புக் கம்பி பிரஷ் போட்டுடாதீங்க, இரும்புத் துணுக்கு அலுமினியத்துல பதிஞ்சு நின்னுடும், அதைச் சுத்தியே அடுத்த அரிப்பு ஆரம்பிக்கும். காஸ்டிக் சோடா கலந்த எதுவும் வேண்டாம், அது பெயிண்டோட சேர்த்து அலுமினியத்தையும் தின்னுடும்.

முக்கியமான ஒண்ணு, ரொம்ப பழைய ஸ்போர்ட்ஸ் கார் வீல்னா மெக்னீசியமா இருக்க வாய்ப்பு இருக்கு. பின்பக்கம் ஒரு ஓரமா சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்க, உடனே நுரைச்சுக்கிட்டு வந்தா மெக்னீசியம். அப்படின்னா வீட்ல தேய்க்கவே வேண்டாம், அந்தத் தூள் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தினா இன்னும் மோசமாகும்.

தேய்ச்சு முடிச்சதும் எண்ணெய்ப் பசை போக தொடைச்சு அன்னிக்கே பிரைமர்ங்கற அடிப்பூச்சை அடிச்சுடுங்க, வெறும் அலுமினியத்தை வெளியில வெச்சா அது மேல ஆக்சைடு படலம் வந்துடும். எபாக்ஸி பிரைமர்தான் எனக்குப் பிடிச்சது. ஆசிட் கலந்த எட்ச் பிரைமர் அடிச்சா அது மேல நேரா பள்ளத்தை நிரப்பற பட்டி போடக் கூடாது, சரியா பிடிக்காது. கலர் எடுக்கும்போது கொஞ்சம் நிதானமா பாருங்க, இப்ப கிடைக்கற சில்வர் பலதும் ரொம்ப மினுக்கும், பழைய காருக்கு மினுக்கு கம்மியான, கொஞ்சம் சாம்பல் ஓடின சில்வர்தான் அழகு. மெல்லிசா நாலஞ்சு கோட்டா அடிங்க. கெட்டியாக்கற ஹார்டனர் கலக்கற டூ கே கிளியர் கோட்ல, மூச்சுல போனா கெடுதல் பண்ற ஐசோசயனேட் இருக்கு, தூசிக்குப் போடற மாஸ்க் அதுக்கு பத்தவே பத்தாது, வெளிக்காத்து வர்ற மாஸ்க் இல்லன்னா அந்த ஒரு வேலையை மட்டும் பெயிண்டர்கிட்ட விட்டுடுங்க.

பவுடர் கோட்டிங் உறுதிதான், மறுக்கல. ஆனா அதை 180 லேர்ந்து 200 டிகிரில சுடுவாங்க, பல அலாய் வீலை ஹீட் ட்ரீட் பண்ற, அதாவது சூடு காட்டி உறுதியாக்கற, கடைசிக் கட்டமே அதைவிடக் குறைஞ்ச சூடுதான், அதைத் தாண்டி சுட்டா வீலோட உறுதி குறையலாம், அதனால சூட்டையும் நேரத்தையும் அளந்து செய்யற இடமா இருக்கணும். அதோட ஒரு இடத்துல பேர்ந்தா ஒட்டுப்போட முடியாது, மொத்தமா உரிச்சு திரும்பப் போடணும். அவ்வப்போது கையாலயே சரி பண்ணிக்கற மாதிரி இருக்கணும்னு நினைக்கறவங்களுக்கு பெயிண்ட்தான் சரி, என் ஓட்டு அதுக்குத்தான்.

எது பண்ணாலும் நட்டு உக்கார்ற குழியிலயும் வீலைத் தாங்கற ஹப்போட ஒட்டற பின்முகத்துலயும் கனமா பெயிண்ட் ஏற விடாதீங்க, மாஸ்கிங் டேப் போட்டு மூடிடுங்க. அங்க பூச்சு இருந்தா ஓட ஓட நசுங்கி நட்டு லூஸாகும், இதுல சமரசமே கூடாது. மாட்டினதும் உங்க கார் மேனுவல்ல இருக்கற அளவுக்கு முறுக்கு அளவைக் காட்டற டார்க் ரெஞ்ச் வெச்சு நட்டை முடுக்கி, 50 - 100 கிலோமீட்டர் ஓடினதுக்கப்புறம் இன்னொரு தடவை செக் பண்ணுங்க. வீல் பேலன்ஸிங் புதுசா பண்ணணும், அப்ப அடிச்சு மாட்டற வெயிட் வேண்டாம், உள்பக்கம் ஒட்டற வெயிட் போடச் சொல்லுங்க.